பதினேழிலேயே கேளுங்கள்

(குழந்தைகள் இல்லங்களிலிருந்தும் வளர்ப்புக் குடும்பங்களிலிருந்தும் 18 வயதில் வெளியே வருகிறவர்களுக்காகச் சட்டம், திட்டம், நிதி ஒதுக்கீடு பற்றி அரசுடன் பேசுவதுதான் இந்தப் பதில்களை எழுதியிருப்பவரின் வேலை. அவரும் தமிழ்நாட்டில் ஓர் இல்லத்தில் வளர்ந்தவர். வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவும் அவருடைய பதில்களும் இங்கே.)

சமூகப்பணி முதுகலை படிக்கிறேன். படித்து முடித்ததும் 'பாலிசி அட்வகசி' வேலைக்குப் போக ஆசை. "அது என்ன வேலை, நாள் முழுக்க என்ன செய்வாய்?" என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்கே சொல்லத் தெரியவில்லை.
– மாணவி, திருநெல்வேலி

வீட்டில் கேட்பது நியாயம்தான். என் மாமியார் இன்றைக்கும் அக்கம்பக்கத்தில் "கலெக்டர் ஆபீஸ்ல ஏதோ வேலை" என்றுதான் சொல்லி வைத்திருக்கிறார். நான் திருத்துவதில்லை.

பெரும்பாலான நாட்களில் வாசிப்பதுதான் வேலை. அரசாணைகள், திட்ட வழிகாட்டுதல்கள், பட்ஜெட் புத்தகங்கள். சட்டசபையில் மானியக் கோரிக்கை (துறைகள் அந்த ஆண்டுச் செலவுக்குப் பணம் கேட்பது) வரும்போது ஒவ்வொரு துறையும் 'கொள்கை விளக்கக் குறிப்பு' என்று ஒன்றை வெளியிடும். மற்றவர்கள் அதில் புது அறிவிப்பு என்ன என்று பார்ப்பார்கள். நான் 'பிற்காப்பு' (18 முடிந்து இல்லத்தை விட்டு வெளியே வருகிறவர்களுக்கு அரசு தரும் உதவி) என்ற தலைப்பு இருக்கிறதா, இருந்தால் அதற்குக் கீழே எத்தனை பேர், எத்தனை ரூபாய் என்று பார்ப்பேன். அப்புறம் மாவட்டங்களுக்குப் போய், அந்த எண்ணுக்குப் பின்னால் நிஜமாகவே ஆள் இருக்கிறாரா, பணம் கைக்கு வந்ததா என்று விசாரிப்பேன். விசாரித்ததை ஒரே பக்கத்தில் எழுத வேண்டும். படிக்க நேரமே இல்லாத ஒருவரை அதைப் படிக்க வைக்க வேண்டும்.

மீதி நேரம் காத்திருப்பது. தலைமைச் செயலகத்தில் செயலாளரைப் பார்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள். கோப்பில் முதல் குறிப்பை எழுதுபவர் உதவிப் பிரிவு அலுவலர். அவருக்கு விஷயம் புரியவில்லை என்றால் மேலே போகிற குறிப்பிலும் புரியாது. அந்த மேசைக்கு முன்னால் உட்காரப் பொறுமை இருந்தால் இந்த வேலை உங்களுக்குச் சரிவரும். நல்ல தமிழில் சுருக்கமாக மனு எழுதப் பழகிக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் அறிக்கை எழுத எங்கள் துறையில் ஆள் நிறைய இருக்கிறார்கள்.

அக்கா, நான் ஒரு இல்லத்தில் இருந்து பிளஸ் டூ படிக்கிறேன். இன்னும் சில மாதத்தில் 18 முடிகிறது. முடிந்த அன்றைக்கே வெளியே போய்விட வேண்டுமா? கையில் ஏதாவது தருவார்களா?
– மாணவன் (ஊர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்)

தம்பி, நீ சரியான நேரத்தில் கேட்டிருக்கிறாய். எனக்கு வருகிற அழைப்புகள் பெரும்பாலும் வெளியே வந்து சில மாதம் ஆனவர்களிடமிருந்துதான். அப்போது செய்வதற்கு நிறைய இருக்காது. உனக்கு இருக்கிறது.

2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் 46-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. 18 முடிந்து இல்லத்தை விட்டுப் போகிறவருக்கு, சமூகத்தில் கலந்து வாழ உதவியாக நிதி 'வழங்கலாம்' என்று அது சொல்கிறது. 'வழங்க வேண்டும்' என்று சொல்லவில்லை. அதை மாற்றச் சொல்லித்தான் நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஆனால் உனக்கு இப்போது தேவை அந்த விவாதம் இல்லை, 2016-இல் வந்த மாதிரி விதிகள். அவற்றின் 25-ஆம் விதிதான் பிற்காப்பு பற்றியது. 21 வயது வரை உதவி தரலாம். விதிவிலக்கான சூழ்நிலை என்றால் இன்னும் 2 ஆண்டு, அதாவது 23 வரை நீட்டிக்கலாம். ஆறு முதல் எட்டுப் பேர் சேர்ந்து தங்கும் வீடு, தொழிற்பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை, மேற்படிப்புக்கு உதவி, சொந்தத் தொழில் தொடங்கக் கடன் பெற ஏற்பாடு, இவையெல்லாம் அதில் இருக்கின்றன. பணம் என்று வரும்போது ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவுக்கு 2022-இல் வெளியான வழிகாட்டுதலின்படி மாதம் 4,000 ரூபாய். அதற்கு முந்தைய திட்டத்தில் 2,000 ஆக இருந்தது. பணம் உன் வங்கிக் கணக்குக்கு நேரடியாக வர வேண்டும். வேறு யார் கை வழியாகவும் வரக்கூடாது.

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேள். நீ வெளியேறுவதற்கு 2 மாதம் முன்பே உனக்கு என்ன உதவி வேண்டும் என்ற திட்டத்தை நன்னடத்தை அலுவலரோ குழந்தைகள் நல அலுவலரோ எழுதி, குழந்தைகள் நலக் குழுவிடம் கொடுக்க வேண்டும். இது விதியிலேயே இருக்கிறது. ஆகவே உன் கண்காணிப்பாளரிடம் போய், "எனக்குப் பிற்காப்புத் திட்டம் எழுதியாச்சா?" என்று கேள். ஒரு வேளை அவர் உன்னைக் கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்ப்பார். பரவாயில்லை. 'எழுதலாம் பார்ப்போம்' என்றால், குழுவின் அடுத்த அமர்வில் உன்னைக் கூட்டிப்போகச் சொல். ஐந்து பேர் கொண்ட குழு அது. நீ பேசுவதைக் கேட்பது அவர்கள் வேலை. எங்கே தங்குவேன், எந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறேன், மாதம் எவ்வளவு ஆகும், இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போ.

அடுத்தது காகிதங்கள். ஆதாரில் 15 வயதில் கைரேகை, கண் பதிவு புதுப்பித்தாயிற்றா என்று பார். உன் பெயரில் வங்கிக் கணக்கு இல்லையென்றால் இப்போதே தொடங்கச் சொல். 18 ஆனதும் கையெழுத்தையும் ஆவணங்களையும் மறுபடி கேட்பார்கள், அதையும் நினைவில் வை. பள்ளிச் சான்றிதழ்களின் அசல் எந்தப் பீரோவில் இருக்கிறது, சாவி யாரிடம் என்று தெரிந்துகொள். இது சின்ன விஷயமாகத் தெரியும். நான் வெளியே வந்த சமயம் சாவி வைத்திருந்தவர் நீண்ட விடுப்பில் போயிருந்தார். கல்லூரிச் சேர்க்கை அவருக்காகக் காத்திருக்கவில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம், உன்னை இல்லத்தில் சேர்க்கச் சொல்லிக் குழந்தைகள் நலக் குழு போட்ட ஆணையின் நகல். நாளைக்கு எந்த அலுவலகத்தில் எந்த உதவி கேட்டாலும் நீ இல்லத்தில் வளர்ந்தவன் என்பதற்கு அதுதான் சாட்சி. பிளாஸ்டிக் உறையில் போட்டு வை, போட்டோ எடுத்து உன் மின்னஞ்சலுக்கே அனுப்பி வை.

இன்னொன்று. அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ 6 முதல் 12 வரை படித்திருந்தால், கல்லூரியில் சேர்ந்ததும் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். இது பிற்காப்பிலிருந்து தனி. கல்லூரியிலேயே விசாரி.

18 வயதானால் ஓட்டுப் போடுகிறான், திருமணம் தவிர எல்லாம் அவன் இஷ்டம். அப்புறமும் அரசு மாதாமாதம் பணம் கொடுத்தால் சோம்பேறியாக மாட்டானா? எங்கள் காலத்தில் 18 வயதில் வேலைக்குப் போய்க் குடும்பத்தைக் காப்பாற்றினோம்.
– ஓய்வு பெற்ற அரசு ஊழியர், தஞ்சாவூர்

ஐயா, கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்றால் ஒன்று கேட்கிறேன். உங்கள் பிள்ளைகளுக்கு 18 முடிந்த அன்று பெட்டியைக் கட்டி வாசலில் வைத்தீர்களா? கல்லூரிக் கட்டணம், வேலை தேடிச் சென்னை போனபோது முன்பணம், காய்ச்சலில் திரும்பி வந்தபோது கஞ்சி, இதெல்லாம் யார் கொடுத்தது? 18 வயதில் வேலைக்குப் போன உங்களுக்கும் சாயங்காலம் திரும்பிவர ஒரு வீடு இருந்திருக்கும். நான் பேசுகிற பிள்ளைகளுக்கு அந்த வீடுதான் இல்லை. டெல்டாக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை, நாற்றங்காலில் அக்கறையாக வளர்த்துவிட்டு நடவு அன்றைக்கு மடையை அடைப்பார்களா?

கணக்காகவே பேசுவோம். மாதம் 4,000 வீதம் 18 முதல் 21 வரை கொடுத்தால் மொத்தம் 1,44,000 ரூபாய். அதற்கு முன்னால் பல ஆண்டுகள் சாப்பாடு, உடை, பள்ளி, ஊழியர் சம்பளம் என்று அரசு ஏற்கெனவே செலவழித்திருக்கிறது. கடைசித் தவணையைக் கட்டாமல் விடுகிறோம், அவ்வளவுதான்.

18-இல் முடியாது என்பது அரசுக்கே தெரியும். கொரோனாவில் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்காக 2021 மே மாதம் பி.எம். கேர்ஸ் திட்டத்தை ஒன்றிய அரசு அறிவித்ததே, நினைவிருக்கிறதா? அதில் ஒரு குழந்தைக்கு 18 வயதாகும்போது கணக்கில் 10 லட்சம் ரூபாய் இருக்கும்படி செய்து, 18 முதல் 23 வரை மாத உதவித்தொகை, 23-இல் முழுத்தொகை என்று வைத்தார்கள். நல்ல திட்டம். 23 வரை கை கொடுக்க வேண்டும் என்று யாரோ யோசித்து எழுதியிருக்கிறார்கள். அதே ஆண்டில் தாயை விபத்திலும் தகப்பனைக் குடியிலும் இழந்த குழந்தைக்கு அந்த யோசனை ஏன் பொருந்தவில்லை என்று நான் கேட்காத கூட்டம் இல்லை. இதுவரை யாரும் மறுக்கவில்லை. குறித்துக்கொள்கிறார்கள்.

சோம்பேறி ஆவார்களா என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு சான்று. அங்கே இல்லினாய் மாநிலத்தில் 21 வரை அரசுப் பராமரிப்பில் இருக்க முடிந்தது. பக்கத்திலுள்ள அயோவா, விஸ்கான்சின் மாநிலங்களில் பெரும்பாலும் 18-இல் அனுப்பிவிட்டார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த ஆய்வாளர்கள் மூன்று மாநிலப் பிள்ளைகளையும் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். தங்க அனுமதித்த மாநிலத்துப் பிள்ளைகள்தான் கல்லூரியில் அதிகம் சேர்ந்தார்கள். 2008-இல், 21 வரை பராமரிப்பை நீட்டிக்கும் மாநிலங்களுக்கு மைய அரசு பங்குப் பணம் தரும் என்று சட்டம் வந்தபோது இந்த ஆய்வும் மேசையில் இருந்தது. பிரிட்டனில் 2000-இலேயே இதற்கென்று தனிச் சட்டம் போட்டார்கள். 2017-இல் இங்கிலாந்தில் 25 வயது வரை ஆலோசகர் உதவி கேட்கலாம் என்று நீட்டினார்கள். அந்த நாடுகள் இந்த விஷயத்தில் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. அங்கேயும் வீடில்லாமல் தெருவில் நிற்பவர்களில் இல்லத்தில் வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் '18 போதும்' என்ற வாதத்தை அங்கே இப்போது அவ்வளவாகக் கேட்க முடியாது.

ஒரு பதிவு பெற்ற இல்லத்தின் கண்காணிப்பாளர் நான். பிள்ளைகளுக்குப் பிற்காப்பு கேட்டு எழுதுகிறோம். குழு ஆணையும் போடுகிறது. பணம் மட்டும் வருவதில்லை. கேட்டால் 'ஃபண்ட் இல்லை' என்கிறார்கள். என்னதான் செய்வது?
– பெயர் வேண்டாம், மேற்கு மாவட்டம்

இந்த இதழில் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் எழுத முடியும் என்றிருந்தால் இதைத்தான் எடுத்திருப்பேன்.

'ஃபண்ட் இல்லை' என்பது பல நேரம் உண்மையாகவே இருக்கும். ஏன் இல்லை என்று பார்க்க வேண்டும். மிஷன் வாத்சல்யா பணத்தில் ஒன்றிய அரசு 60, மாநிலம் 40. மாநிலம் ஒவ்வொரு ஆண்டும் 'இத்தனை பேருக்கு இவ்வளவு வேண்டும்' என்று திட்டம் அனுப்பும். டெல்லியில் திட்ட ஒப்புதல் வாரியம் உட்கார்ந்து எண்ணிக்கையைப் பார்த்து ஒப்புதல் கொடுக்கும். மாநிலத்துக்கு அந்த எண்ணிக்கை எங்கிருந்து வருகிறது? மாவட்டங்களிலிருந்து. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு எங்கிருந்து வருகிறது? உங்களிடமிருந்து வந்தால் உண்டு. வராவிட்டால் போன ஆண்டு எண்ணையே போட்டு அனுப்புவார்கள். போன ஆண்டு அது பூஜ்யமாக இருந்தால் இந்த ஆண்டும் பூஜ்யம்.

நீங்கள் ஜூன் மாதம் ஒரு பிள்ளைக்கு ஆணை வாங்கிக்கொண்டு போய் நிற்கிறீர்கள். அந்த நிதியாண்டுக்கான எண்ணிக்கை அதற்கு முன்பே முடிவாகிவிட்டது. அலுவலர் கெட்டவர் இல்லை, அவர் பட்டியலில் உங்கள் பிள்ளைக்கு இடம் இல்லை.

ஆகவே ஒரு வேலை செய்யுங்கள். வருகிற ஏப்ரல் முதல் அதற்கடுத்த மார்ச் வரை உங்கள் இல்லத்தில் யார் யாருக்கு 18 முடிகிறது? பிறந்த தேதி உங்கள் பதிவேட்டிலேயே இருக்கிறது. பெயர், தேதி, என்ன படிக்கிறார், வங்கிக் கணக்கு உண்டா, போக வீடு உண்டா. ஒரு தாளில் ஐந்து பத்தி. டிசம்பருக்குள் மாவட்ட அலகில் கொடுத்து, நகலில் கையொப்பமும் தேதியும் வாங்குங்கள். மாவட்டத்திலுள்ள மற்ற இல்லங்களையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. நான் இந்த வேலையில் கற்றுக்கொண்டது பெரும்பாலும் இந்தத் தாள்தான். 18 எப்போது முடியும் என்பது நிலநடுக்கம் போலத் திடீரென்று வருவதில்லை, குழந்தை உள்ளே வந்த அன்றே தெரியும். ஆனாலும் எல்லா அலுவலகங்களிலும் அதை அவசரச் செய்தியாகவே நடத்துகிறார்கள்.

பட்டியல் கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய ஒரு மனு, பதிலுக்கு 30 நாள். இந்த மாவட்டத்தில் கடந்த மூன்று நிதியாண்டில் எத்தனை பேருக்குப் பிற்காப்பு ஆணை போடப்பட்டது, எத்தனை பேருக்குப் பணம் போனது, எவ்வளவு ஒதுக்கீடு வந்தது, எவ்வளவு திரும்பிப் போனது. கடைசிக் கேள்வியை மறக்காதீர்கள். பணம் இல்லை என்று சொன்ன ஆண்டிலேயே பணம் திரும்பிப் போன கதையும் உண்டு.

ஆனால் மனுவை நீங்கள் போடாதீர்கள். உங்கள் இல்லத்தின் பதிவைப் புதுப்பிக்கப் பரிந்துரைப்பவர்களிடமே நீங்கள் கேள்வி கேட்டதாக ஆகும். வெளியே வந்த பிள்ளை போடட்டும். இப்போதுதான் அவனுக்கு 18 ஆகிவிட்டதே.

ஒரு பெண் குழந்தை நான்கு ஆண்டுகளாக எங்கள் வீட்டில் வளர்ப்புப் பராமரிப்பில் (தத்தெடுக்காமல், குழந்தைகள் நலக் குழுவின் ஆணையோடு) இருக்கிறாள். அடுத்த ஆண்டு அவளுக்கு 18. மாதாந்திர உதவி நின்றுவிடும் என்றார்கள். இல்லத்துப் பிள்ளைகளுக்கு இருப்பது போல் இவளுக்குப் பிற்காப்பு கிடையாதா?
– வாசகி, சேலம்

அம்மா, நீங்கள் சட்டத்தில் இருக்கிற ஓட்டையில் சரியாகக் கை வைத்திருக்கிறீர்கள். 46-ஆம் பிரிவு 'குழந்தைகள் பராமரிப்பு நிறுவனத்தை விட்டு வெளியேறும் குழந்தை' என்றுதான் பேசுகிறது. பிற்காப்பு என்றால் என்ன என்று சொல்லும் இடத்திலும் 'நிறுவனப் பராமரிப்பை விட்டு வந்தவர்' என்றுதான் இருக்கிறது. நிறுவனங்களின் பட்டியலில் வளர்ப்புக் குடும்பம் இல்லை. அமெரிக்காவில் இது தலைகீழ். அங்கே பெரும்பாலான பிள்ளைகள் வளர்ப்புக் குடும்பங்களில்தான் இருக்கிறார்கள், சட்டமும் அவர்களை மனதில் வைத்தே எழுதப்பட்டது. நம் நாட்டில் குழந்தைகளை இல்லங்களிலிருந்து குடும்பங்களுக்கு மாற்ற வேண்டும் என்று எல்லா ஆவணங்களிலும் எழுதுகிறோம். அப்படி மாற்றிய பிள்ளைக்கு 18-க்குப் பின் வழி சொல்ல மறந்துவிட்டோம். நாங்கள் கொடுக்கிற எல்லாத் திருத்த யோசனைகளிலும் இது இருக்கிறது.

அதற்காக நீங்கள் சும்மா இருக்க வேண்டாம். அவள் முன்பு எப்போதாவது இல்லத்தில் இருந்தாளா? இருந்தால் அந்த ஆணையைக் காட்டி, நிறுவனப் பராமரிப்பிலிருந்து வந்தவள்தான் என்று வாதாட இடம் இருக்கிறது. குழந்தைகள் நலக் குழுவிடம் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள். எழுத்தில் வந்த மறுப்பு எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவி. 'இப்படி நடக்கிறது' என்று நாங்கள் வாயால் சொல்வதற்கும் ஆணையைக் காட்டுவதற்கும் நிறைய வித்தியாசம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. சட்டப்படி தத்துக்குத் தகுதியான குழந்தை என்று அறிவிக்கப்பட்டிருந்தால், வளர்த்த குடும்பமே தத்தெடுக்கலாம். முன்பு ஐந்து ஆண்டு வளர்த்திருக்க வேண்டும் என்றிருந்தது. இப்போது இரண்டு ஆண்டு போதும். 18 முடிந்துவிட்டால் இந்தச் சட்டத்தின் வழியாகத் தத்தெடுக்க முடியாது. உங்களுக்கும் அவளுக்கும் அந்த எண்ணம் இருந்தால் இந்த வாரமே மாவட்ட அலகுக்குப் போங்கள். தத்து வேண்டாம், ஆனால் அவள் எங்களோடுதான் இருப்பாள் என்றாலும் சரி. உதவித்தொகைதான் நிற்கும், உறவை நிறுத்த எந்த அலுவலகத்துக்கும் அதிகாரம் இல்லை.

இல்லத்தில் வளர்ந்து இப்போது வேலையில் இருக்கிறேன். கருத்தரங்குகளுக்கு அழைக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் "உங்கள் கதையைச் சொல்லுங்கள்" என்கிறார்கள். சொன்னதும் சிலர் அழுகிறார்கள், சால்வை போடுகிறார்கள், அவ்வளவுதான். போகாமல் இருந்தால் நன்றி கெட்டவள் ஆவேனோ?
– வாசகி, சென்னை

ஆக மாட்டீர்கள். அந்தச் சால்வைகள் என்னிடமும் கொஞ்சம் இருக்கின்றன. பெரும்பாலானவை ஊதா.

அழைப்பு வந்ததும் மூன்று கேள்வி கேளுங்கள். கூட்டத்தில் முடிவெடுக்கும் அதிகாரி யார் வருகிறார்? நான் எதைக் கேட்க வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்க்கிறீர்கள்? எனக்குப் போக்குவரத்துச் செலவும் ஒரு நாள் சம்பளமும் தருவீர்களா? மூன்றாவதைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். மேடையில் இருக்கிற மற்ற எல்லோருக்கும் அன்றைக்குச் சம்பளம் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை நினைத்துக்கொண்டால் கூச்சம் போய்விடும். முதல் கேள்விக்கு 'யாரும் வரவில்லை, விழிப்புணர்வுக் கூட்டம்' என்று பதில் வந்தால், போகாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமையை மிச்சப்படுத்துங்கள்.

போவது என்று முடிவு செய்தால், அம்மா எப்படி இறந்தார், அப்பா எங்கே போனார் என்பதிலிருந்து தொடங்காதீர்கள். அது உங்களுடையது, சட்டத்துக்குத் தேவையில்லை. 18 வயது முடிந்த வாரத்திலிருந்து தொடங்குங்கள். எங்கே தங்கினீர்கள், வாடகைக்கு முன்பணம் எவ்வளவு கேட்டார்கள், பெற்றோர் பெயர் கேட்ட படிவத்தில் என்ன எழுதினீர்கள், எந்த அலுவலகத்தில் எந்தச் சான்றிதழுக்குத் திருப்பி அனுப்பினார்கள். இவற்றில் ஒவ்வொன்றையும் ஒரு சுற்றறிக்கையால் சரிசெய்ய முடியும். குழந்தைப் பருவத் துயரத்தைச் சுற்றறிக்கையால் சரிசெய்ய முடியாது, அதனால் கேட்பவர்கள் அழுதுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

ஒருமுறை ஓர் ஆலோசனைக் கூட்டத்தில் ஒரு தம்பி எழுந்து, "எனக்கு ஆணை வந்தது, வங்கிக் கணக்கில் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்ததால் பணம் திரும்பிப் போய்விட்டது, அதைச் சரிசெய்ய யாரைப் பார்ப்பது?" என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்தான். யாரும் அழவில்லை. அடுத்த நாளே, கூட்டத்துக்கு வந்திருந்த அதிகாரி மாவட்டங்களுக்குப் பெயர்களைச் சரிபார்க்கச் சொல்லிக் கடிதம் போட்டார்.

பெற்றோர் யாரென்றே தெரியாத பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் எப்படி வாங்குவது? கல்லூரியில் கேட்கிறார்கள்.
– இல்ல ஊழியர், விழுப்புரம்

தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலேயே இதற்கு இடம் உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. பத்து வயதுக்கு முன் பெற்றோரை இழந்து, பார்த்துக்கொள்ள வேறு யாரும் இல்லாமல், அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த இல்லத்திலோ பள்ளியிலோ சேர்க்கப்பட்ட ஆதரவற்ற குழந்தைகள் என்று அதில் இருக்கிறது. குழந்தைகள் நலக் குழுவின் ஆணையோடு விண்ணப்பியுங்கள். வருவாய்த் துறையில் 'அப்படி ஒன்று இல்லை' என்றால் பட்டியலின் அச்சுப்படியைக் காட்டுங்கள். மகாராஷ்டிராவில் 2018 முதல் ஆதரவற்றோருக்குக் கல்வியிலும் அரசு வேலையிலும் 1 சதவீதம் தனியாகவே ஒதுக்கியிருக்கிறார்கள். தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்தும் எந்தப் பிரிவிலும் சேர முடியாமல் போன, இல்லத்தில் வளர்ந்த ஒரு பெண் முதலமைச்சரைப் பார்த்து முறையிட்டதில் தொடங்கியது அது.

அரசிடம் கெஞ்சுவதைவிட நீதிமன்றம் போவது வேகம் இல்லையா?
– வழக்கறிஞர், மதுரை

சட்டம் படித்தவர் நீங்களே கேட்கலாமா? மாமல்லபுரத்தில் ஆதரவற்றோர் இல்லங்களில் நடந்த கொடுமை பற்றி ஒரு பத்திரிகைச் செய்தி வந்தது. அதிலிருந்து உச்ச நீதிமன்றத்தில் 2007-இல் ஒரு பொதுநல வழக்கு உருவானது. 2017 மே 5 அன்று தீர்ப்பு. எல்லா இல்லங்களும் பதிவு செய்ய வேண்டும், ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் வேண்டும் என்று அருமையான தீர்ப்பு. இன்றும் என் பையில் வைத்திருக்கிறேன், கூட்டங்களில் காட்டுகிறேன். ஆனால் வழக்குத் தொடங்கியபோது எட்டு வயதாக இருந்த குழந்தைக்குத் தீர்ப்பு வந்தபோது பதினெட்டு. நீதிமன்றம் வேண்டாம் என்று சொல்லவில்லை. தீர்ப்பு வந்த மறுநாள் அதை எடுத்துக்கொண்டு அதே உதவிப் பிரிவு அலுவலரின் மேசைக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

என் மகள் இந்த வேலைக்குத்தான் போவேன் என்கிறாள். இதில் சம்பளம் வருமா?
– ஒரு தகப்பனார், ஈரோடு

வரும். திட்ட நிதி இருக்கிற வரை. மகளிடம் கணக்கு வழக்கும் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள், பட்ஜெட் படிக்கத் தெரிந்தவர்களை எங்கள் துறையில் லேசில் போகவிட மாட்டார்கள்.

இல்லங்களில் வளர்ந்த நாங்கள் சிலர் சேர்ந்து எங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வைப் பார்க்கப் போகிறோம். என்ன கொண்டு போக வேண்டும்?
– இளைஞர் குழு, கடலூர்

சால்வை வேண்டாம். ஒரே ஒரு பக்கம் போதும். மேலே உங்கள் மாவட்டத்தில் இந்த ஆண்டு 18 முடிகிறவர்கள் எத்தனை, பிற்காப்புப் பணம் பெறுகிறவர்கள் எத்தனை என்ற இரண்டு எண். அதற்குக் கீழே அவர் சட்டசபையில் அப்படியே வாசிக்கக் கூடிய ஒரு கேள்வி, நீங்களே எழுதியது. 'ஆவன செய்ய வேண்டும்' என்று எழுதாதீர்கள். 'இந்த நிதியாண்டில் எங்கள் மாவட்டத்துக்குப் பிற்காப்புக்காக ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு' என்று எழுதுங்கள். கடைசியில் ஒரு கைபேசி எண்.

எப்போது போகிறீர்கள் என்பதும் முக்கியம். பட்ஜெட் முடிந்து மானியக் கோரிக்கைகள் நடக்கும்போது எல்லோரும் போவார்கள். நீங்கள் அதற்கு முந்தைய மழைக்காலத்திலேயே, அக்டோபர் நவம்பரிலேயே போங்கள், அப்போதுதான் துறைகள் அடுத்த ஆண்டுக்கு எழுதத் தொடங்கியிருக்கும். அவர் இல்லாவிட்டால் உதவியாளரிடம் கொடுத்துப் பெயரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்து அந்தப் பெயரைச் சொல்லித்தான் போன் செய்ய வேண்டும். குழுவில் இன்னும் 18 ஆகாத, பதினேழு வயதுப் பிள்ளை யாராவது இருந்தால் இல்லத்தில் அனுமதி வாங்கி அவரையும் அழைத்துப் போங்கள். நீங்கள் கேட்பது அவருக்காகத்தானே.